ஊட்டி ரேஸும் 21 பைசா கிரவுண்டும்

ஊட்டி ரேஸ்கோர்ஸ் ஏன் மூடப்பட்டது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை கிடைக்கிறது. யாரோ பெரும்புள்ளி ஓட்டல் கட்டப்போகிறாராம். 1974-ல் பந்தயத்தைத் தடைசெய்த கட்சியின் பழைய பகையாம். இல்லையில்லை, 28 சதவீத ஜி.எஸ்.டி.தான் கழுத்தை நெரித்ததாம்.

ஒவ்வொன்றாகத் தள்ளிவிடலாம். அதே ஜி.எஸ்.டி.யைக் கட்டிக்கொண்டுதான் பெங்களூருவில் குதிரை ஓடியது. 1974 தடை விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1996-ல் குதிரைப் பந்தயத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அதே கட்சி இரண்டு முறை முழுசாக ஆண்டும் ஊட்டி ரேஸ்கோர்ஸை மூடவில்லை. ஓட்டல் கதைக்கு ஆதாரம் ஏதுமில்லை. இடம் தோட்டக்கலைத் துறையிடம் பூங்காவுக்குப் போயிருக்கிறது.

காரணம் வருவாய்த் துறைக் கோப்பிலேயே இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஊரின் நடுவே சுமார் 52 ஏக்கர். அங்கே பந்தயம் நடத்திய சென்னை ரேஸ் கிளப்பின் குத்தகை 1978-லேயே முடிந்துவிட்டது. பாக்கி 822 கோடி ரூபாய் என்று சொல்லி 2024 ஜூனில் அரசு இடத்தை மீட்டது. நாற்பத்தாறு வருஷம் குத்தகை இல்லாமல் ஒரு பெட்டிக்கடை அரசு நிலத்தில் நிற்க முடியுமா? மூன்றாம் நாளே பொக்லைன் வந்திருக்கும்.

இதே கிளப்பின் கிண்டி ரேஸ்கோர்ஸ் கணக்கைப் பாருங்கள். 160.86 ஏக்கர், 1945-லிருந்து 99 வருஷக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். சென்னைக்காரர்களுக்குப் புரியும்படி கிரவுண்டில் சொல்கிறேன். ஏக்கருக்குப் பதினெட்டுச் சொச்சம் கிரவுண்டு என்றால் மொத்தம் 2,900-க்கு மேல். வகுத்தால் கிரவுண்டுக்கு ஆண்டுக்கு 21 பைசா. மாதத்துக்கு இரண்டு பைசாகூடத் தேறாது! ஓடுபாதைக்கு நடுவில் கோல்ஃப் வேறு ஆடினார்கள். வாடகையை உயர்த்தக் கேட்டபோது வழக்கு. பாக்கி 730 கோடியைத் தாண்டியது. 2024 செப்டம்பரில் அந்தக் குத்தகையும் ரத்தாகி, அதுவும் நீதிமன்றப் படியேறியிருக்கிறது.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996-ல் தீர்ப்பு வாங்கியதும் இதே கிளப்தான். திறமை எதில் என்று இப்போது விளங்குகிறது.

லாயத் தொழிலாளர்களின் பிழைப்பு என்னாவது என்று சிலர் கண்ணைக் கசக்குகிறார்கள். லாயத்தில் சாணம் அள்ளியவர்கள் மீது இவர்களுக்குத் திடீரென்று பிறந்த பாசம், பந்தயச் சீட்டு கிழிந்ததும் காணாமல் போகும். பாரம்பரியம் என்கிறவர்களுக்குப் பதிலே தேவையில்லை. வெள்ளைக்காரன் கோடைக்கு மலையேறி வந்து குதிரை ஓட்டியது நமக்கு என்ன பாரம்பரியம்?

ஊட்டியோடு இது நிற்கக் கூடாது. தமிழ்நாட்டில் அரசு நிலத்தில் குத்தகைக்கு இருக்கும் மற்ற கிளப்புகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிளப்பின் குத்தகைப் பத்திரத்தையும், கிரவுண்டுக்கு எத்தனை பைசா என்ற கணக்கோடு, அந்தந்தத் தாசில்தார் அலுவலக வாசலில் ஒட்டட்டும். உயர்த்திய வாடகையைக் கட்ட மாட்டோம் என்பவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.