போட்டோவுக்கு அஞ்சு நிமிஷம்... மீனுக்கு?

போன வாரம் இதே பக்கத்துல, வார்டனுக்குத் தெரியாம ஹாஸ்டல் ரூம்ல சாம்பார் வெச்சது ஞாபகம் இருக்கா? இந்த வாரம் நம்ம ‘அவுட் ஆஃப் சிலபஸ்’ கிளாஸ் பீச்சுல. கடலை போட இல்லை, தூண்டில் போட! உடனே கண்ணடிக்காதீங்க பாஸ்... இது நிஜத் தூண்டில், நிஜ மீன்.

எல்லாம் என் ரூம்மேட்டால வந்தது. செகண்ட் ஹேண்ட்ல ஒரு பத்தடி ராடும் ரீலும் வாங்கிட்டு வந்தான். அன்னிலேர்ந்து ரூம்ல ஓடினதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க கடற்கரையில நின்னு மீன் பிடிக்கிற வீடியோதான். எல்லாத்துலயும் ஒரே கதை. மீனைப் பிடிப்பாங்க, தூக்கிச் சிரிப்பாங்க, முத்தம் கொடுத்துத் தண்ணியில விட்டுடுவாங்க. ‘நாமளும் அப்படித்தான் மச்சான். பிடிக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், விடுறோம்’னு முடிவு பண்ணி, ஒரு சனிக்கிழமை விடியக்காலையில ஈ.சி.ஆர்-ல கோவளத்துக்கு வண்டியைக் கிளப்பினோம்.

முதல் மூணு வாரம் வலைக்குள்ள மாட்டின நண்டு மாதிரி மல்லாடினோம். எவ்வளவு தூரம் வீச முடியுமோ அவ்வளவு தூரம் வீசினோம். ஈயக் குண்டுதான் போச்சு, மீன் வரலை. படகு நிழல்ல உட்கார்ந்து வலை பின்னிட்டு இருந்த ஒரு தாத்தா ரொம்ப நேரம் பார்த்துட்டு எழுந்து வந்தார்.

“இன்னா தம்பி, மீனைத் தாண்டித் தாண்டிப் போட்டுக்கினு கீறே?”

அவர்கிட்ட ராடு இல்லை, ரீல் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல சுத்தின தங்கூஸ் நரம்பு, சின்ன ஈயம், ஒரு தூண்டில் முள், இறால் துண்டு. அவ்வளவுதான். முப்பதடிகூட வீசலை. அரை மணி நேரத்துல நாலு கிழங்கான்! நாங்க ‘ஙே’!

அன்னிக்கு அவர் நடத்தின கிளாஸ் இதுதான். கடலை மேலோட்டமாப் பார்த்தா எல்லா இடமும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். கொஞ்சம் மேடான மணல்ல நின்னு பத்து நிமிஷம் அலையை மட்டும் பாருங்க. தூரத்துல வெள்ளையா உடையுற இடத்துக்குக் கீழே மணல் திட்டு இருக்கு. திட்டைத் தாண்டினதும் அலை அடங்கி, கரைக்கிட்ட வந்து மறுபடி உடையும். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது பள்ளம். அலை கிளறிவிடுற புழு, குட்டி நண்டு எல்லாம் அங்கேதான் சேரும். மீனுக்கு அதுதான் மெஸ்! நாங்க மெஸ்ஸைத் தாண்டி காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் இலை போட்டுட்டு இருந்திருக்கோம்.

நேரமும் முக்கியம். விடியற நேரம், பொழுது சாயுற நேரம், அதோட கடல் ஏறி வர்ற நேரமும் சேர்ந்தா செம. கடல் ஏறுற நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். நேத்து ஆறு மணிக்கு ஏறினது இன்னிக்கு ஏறக்குறைய ஆறு அம்பதுக்கு. எல்லாம் நிலா அண்ணன் பண்ற வேலை.

ஒரு சீரியஸ் மேட்டர். பெரிய அலைகளுக்கு நடுவுல ஒரு இடம் மட்டும் உடையாம, கலங்கலா, அமைதியா இருக்கும். மீன் வர்ற வழி அதுதான். கரைக்கு வந்த தண்ணி திரும்பக் கடலுக்குள்ள ஓடுற வழியும் அதுதான். ‘அலையே இல்லையே’னு அங்கே இறங்கினா ஆளை இழுத்துட்டுப் போயிடும். முழங்காலுக்கு மேல தண்ணி போற இடத்துல நிக்காதீங்க. இழுத்துட்டுப் போனா கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாம, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளியே வரணும்.

வீசுறதுக்கு முன்னாடி பின்னாடி திரும்பிப் பாருங்க. 100 கிராம் ஈயத்தை முழு வேகத்துல சுழட்டும்போது மெல்லிசான நரம்பு அறுந்தா, அந்த ஈயம் தோட்டா மாதிரி பறக்கும். அதனாலதான் ஈயத்துக்கு முன்னாடி சில மீட்டருக்குத் தடிமனான நரம்பு கட்டுறது. 100 கிராமுக்குச் சுமார் 16 கிலோ தாங்குற நரம்பு. மெக்கானிக்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்களுக்கும் இது புரியும்! இன்னொண்ணு, கரைவலை இழுக்கிற இடத்துப் பக்கமே போகக் கூடாது. அது அவங்களோட பொழப்பு.

சரி, இப்போ தலைப்புக்கு வருவோம்.

அஞ்சாவது வாரம். கணவாய்த் துண்டு போட்டிருந்தோம். ராடு திடீர்னு வில்லா வளைஞ்சுது. ரூம்மேட் கத்த, நான் கத்த, பத்து நிமிஷப் போராட்டம். கரைக்கு வந்தது ரெண்டு கிலோ இருக்கிற பாறை மீன்! வெள்ளி மாதிரி மின்னுச்சு. வீடியோவுல பார்த்தபடியே செஞ்சோம். காய்ஞ்ச மணல்ல படுக்க வெச்சு முள்ளைப் பிடுங்கினோம். செவுளுக்குள்ள விரலை விட்டுத் தூக்கினோம். அவன் ஒரு போட்டோ, நான் ஒரு போட்டோ, ரெண்டு பேரும் ஒரு செல்ஃபி. ‘லைட்டிங் சரியில்லை, சூரியன் பக்கம் திரும்பு மச்சி’னு மறுபடி ரெண்டு. எல்லாம் முடிஞ்சதும் ‘போய் வா ராஜா’னு தண்ணியில விட்டோம்.

ராஜா போகலை. ஒரு பக்கமா சாய்ஞ்சு, வயித்தைக் காட்டி மிதந்துச்சு. அடுத்த அலை அதை எங்க கால்கிட்டயே கொண்டுவந்து போட்டுச்சு. தள்ளிவிட்டோம். மறுபடி வந்துச்சு.

தாத்தா வந்து அதைக் கையில எடுத்தார். கோபப்படலை. அதுதான் ரொம்ப வலிச்சுது.

“துன்னணும்னா புடி. வேணாம்னா வுடு. இது இன்னா ரெண்டுத்துலயும் சேராம? நீ வெளாடினே, அது வெளாடலையே தம்பி.”

அந்த போட்டோவை இன்னி வரைக்கும் நாங்க எங்கேயும் போடலை.

ரூமுக்கு வந்து நெட்ல தேடிப் படிச்சப்போதான் நாங்க செஞ்சது புரிஞ்சுது. மீனோட செவுள்ல மெல்லிசு மெல்லிசா இழைகள் இருக்கும். தண்ணிக்குள்ள விரிஞ்சு நிக்கும், வெளியே எடுத்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் மூச்சு விட வழியே இல்லை. அதுவும் போராடிக் களைச்சு, உடம்புக்கு ஆக்சிஜன் அதிகமாத் தேவைப்படுற நேரத்துல. நூறு மீட்டர் ரேஸ் ஓடி முடிச்சவன் வாயையும் மூக்கையும் பொத்திட்டு ‘ஸ்மைல் ப்ளீஸ்’ சொல்றது மாதிரி!

1992-ல ஃபெர்குசன், டஃப்ட்ஸ்னு ரெண்டு பேர் ரெயின்போ ட்ரவுட் மீன்களை வெச்சு கனடாவுல ஒரு சோதனை செஞ்சு வெளியிட்டாங்க. களைச்சுப்போற வரைக்கும் நீந்த வெச்சு, தண்ணியிலேயே விட்ட மீன்கள்ல 88 சதவிகிதம் பிழைச்சுது. களைச்ச மீனை 30 விநாடி காத்துல வெச்சப்போ பிழைச்சது 62 சதவிகிதம். 60 விநாடி வெச்சப்போ வெறும் 28 சதவிகிதம்! அது குளிர்ப்பிரதேசத்து நன்னீர் மீன், லேப்ல நடந்த சோதனை. நம்ம ஊர் பாறைக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனா நாங்க வெச்சிருந்தது 60 விநாடி இல்லை மக்களே, அஞ்சு நிமிஷம்.

அந்தக் குற்ற உணர்ச்சியில நாங்க எழுதி ராடு கவர்ல ஒட்டின ரூல்ஸ் இதோ...

* வீசுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணு. எதைச் சமைப்போம், எதை விடுவோம்? குட்டி மீன்னா யோசிக்காம விடணும்.

* ‘ஜே’ ஷேப் முள்ளுக்குப் பதிலா, முனை உள்பக்கமா வளைஞ்ச ‘சர்க்கிள்’ முள். இது வயித்துக்குள்ள போய்க் குத்தாம, பெரும்பாலும் வாயோரத்துல மாட்டும். மீன் கடிச்சதும் ராடைச் சுண்டக் கூடாது, நிதானமா ரீலைச் சுத்தினா போதும். முள்ளுல இருக்கிற எதிர்க்கொக்கியைக் கட்டிங் பிளேயரால நசுக்கிட்டா சட்டுனு கழட்டலாம்.

* கரைக்கு இழுக்க அலையையே யூஸ் பண்ணு. அலை வரும்போது இழு, திரும்பும்போது சும்மா பிடிச்சுக்கோ.

* கையை நனைச்சுட்டுத்தான் தொடணும். மீன் உடம்புல இருக்கிற வழவழப்பு அழுக்கு இல்லை, நோய்க்கிருமிகிட்டேர்ந்து காப்பாத்துற கவசம். காய்ஞ்ச மணல் அதை உரிச்சு எடுத்துடும்.

* செவுளைத் தொடாதே. வாயைப் பிடிச்சுத் தொங்கவிடாதே. வயித்துக்குக் கீழே ஒரு கை, வாலுக்கு முன்னாடி ஒரு கை.

* முள்ளை விழுங்கிட்டா தோண்டாதே. நரம்பை வாய்க்கிட்ட அறுத்து விட்டுடு.

* கேமரா ரெடியா? அப்புறம்தான் மீன் வெளியே வரணும். தண்ணி சொட்டுறது நிக்கிறதுக்குள்ள மறுபடி உள்ளே. தூக்கி எறியாம, தானா உதறிட்டுப் போற வரைக்கும் தண்ணிக்குள்ள தாங்கிப் பிடி.

* சாப்பிடறதா இருந்தா மணல்ல துடிக்க விடாதே. தலையில ஒரே அடி, உடனே ஐஸ் பாக்ஸ். மீனுக்கும் நல்லது, குழம்புக்கும் நல்லது.

* கெளுத்தி முதுகுலயும் பக்கத்துலயும் இருக்கிற முள், திருக்கை வால் முள்... ரெண்டுமே விஷம். குத்திட்டா, தோல் பொசுங்காத அளவுக்குத் தாங்கக்கூடிய சுடுதண்ணியில முக்கி வெச்சா வலி குறையும். அப்புறம் நேரா டாக்டர்.

* அறுந்த நரம்பை ஒரு இஞ்ச்கூட விடாம பொறுக்கிட்டு வா. ஜனவரி தொடங்கி சில மாசம் பங்குனி ஆமைங்க முட்டை போட வர்ற கரை இது. நரம்பு சுலபத்துல மக்காது. கால்ல சுத்தினா ஆமையால அவிழ்க்கவும் முடியாது.

போன மாசம் மறுபடி போனோம். ஒரு குட்டிப் பாறை மாட்டுச்சு. முட்டி அளவுத் தண்ணியிலேயே குனிஞ்சு, முள்ளைக் கழட்டி, கையில தாங்கினேன். ஒரு விநாடி சும்மா இருந்துச்சு. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டது. அப்புறம் சுளீர்னு ஒரு வால் அடி, முகமெல்லாம் உப்புத் தண்ணி, ஆள் எஸ்கேப்! போட்டோ இல்லை. ‘ரீல் விடாதே’னு கிளாஸ்ல ஓட்டுறாங்க. ஓட்டட்டும்.

அன்னிக்குக் கிடைச்ச மூணு கிழங்கானைத் தாத்தா வீட்டுலயே பாட்டி வறுத்துக் கொடுத்தாங்க. முள்ளுகூட மிச்சம் வைக்கலை.

அடுத்த வாரம்: தையல் மெஷின்! பட்டன் தைக்க அம்மாவுக்கு பார்சல் அனுப்புற எவனும் லீவு போடாதீங்க!