குறைந்தது எரிசக்தியா, விகிதமா?

புது தில்லி: பொருளாதாரம் வளரும் வேகத்தில் எரிசக்திச் செலவு வளரவில்லை என்பதைப் பருவநிலை மாநாடுகளில் மத்திய அரசு தொடர்ந்து முன்வைத்து வருகிறது. அது உண்மைதான். எனினும், ஒரு ரூபாய் உற்பத்திக்கு எவ்வளவு எரிசக்தி என்ற இந்த விகிதம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைத் தமிழக எல்லையை ஒட்டிய தடாவில் காணலாம்.

2009 டிசம்பரில், கோபன்ஹேகன் மாநாட்டுக்கு முன்பாக, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மக்களவையில் ஓர் உறுதி அளித்தார். உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு அலகுக்கும் வெளியாகும் கரியமில வாயு, 2005-ம் ஆண்டு அளவிலிருந்து 2020-க்குள் 20 முதல் 25 சதவீதம் குறைக்கப்படும் என்றார் அவர். குறைந்ததோ 36 சதவீதம் என 2024 இறுதியில் ஐ.நா.விடம் அரசு தெரிவித்தது. இலக்கு எளிதாகவே இருந்தது எனலாம்.

2001-ம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டமும், 2012 முதல் சிமென்ட், எஃகு ஆலைகளுக்கு விதிக்கப்பட்ட சிக்கன இலக்குகளும் இதற்கு உதவின. ஆனால், மற்றொரு காரணமும் உண்டு. மென்பொருள் நிறுவனம் ஒரு கோடி ரூபாய் ஈட்டத் தேவைப்படும் எரிசக்தி, எஃகு ஆலைக்குத் தேவைப்படுவதில் சிறு பங்குதான். சேவைத் துறை பெருகினால், எந்த ஆலையும் சிக்கனமாகாமலேயே விகிதம் இறங்கிவிடும்.

தடா, சத்தியவேடு பகுதிகளில் 2008-ல் தொடங்கப்பட்டது ஸ்ரீசிட்டி தொழில் நகரம். டெய்கின், புளூ ஸ்டார், ஹேவல்ஸ் நிறுவனங்கள் இங்கு ஏ.சி. தயாரிக்கின்றன. 2025 மே மாதம் எல்.ஜி. ஆலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. பாகங்களை இணைக்கும் பணிக்கு எரிசக்தி குறைவு. உற்பத்தி மதிப்போ அதிகம். விகிதத்துக்கு இது லாபம்.

ஏ.சி.க்கு இன்றியமையாத தாமிரத்தின் கதை வேறு. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை 2018-ல் மூடப்பட்ட பிறகு, சுத்திகரித்த தாமிரத்தை ஏற்றுமதி செய்து வந்த இந்தியா, இறக்குமதி நாடானது. ஆலை மூடப்பட்டதன் நியாயம் தனி. இறக்குமதியாகும் தாமிரத்தை உருக்கிய எரிசக்தி வேறு நாட்டின் கணக்கில் சேர்கிறது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

ஆலையை விட்டு வெளியேறும் ஏ.சி. பல ஆண்டுகள் வீடுகளில் மின்சாரம் இழுக்கும். 2024 மே 30-ல், கடும் வெயிலில், நாட்டின் மின் தேவை 2.5 லட்சம் மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. 2022-ல் 45 சதவீதமாக உயர்த்தப்பட்ட 2030-ம் ஆண்டு இலக்கும் விகிதத்தையே பேசுகிறது. மொத்தத்துக்கு உச்சவரம்பு இல்லை. தனிநபர் எரிசக்திப் பயன்பாடு உலகச் சராசரியில் பாதிகூட இல்லாத நாட்டை அதற்காகக் குறை கூற முடியாது. ஆனால், விகிதத்துடன் மொத்தத்தையும் சேர்த்துச் சொல்வதில் தில்லிக்கு என்ன தயக்கம்?

ஏ.சி.க்கு நட்சத்திரக் குறியீடு 2010-ல் கட்டாயமானது. ஐந்து நட்சத்திர ஏ.சி.யின் கூடுதல் விலைதான் நடுத்தரக் குடும்பங்களுக்குத் தடை. 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தின் மொத்தக் கொள்முதலால் எல்.இ.டி. பல்பின் விலை சரிந்தது. அதே வழியை ஏ.சி.க்கும் மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் 2019-ல் முயன்றது. பல்பைப்போல் அது வீடுதோறும் சென்று சேரவில்லை.