உரிச்ச தேதிதான் கணக்கு

புனேயில எங்க எதிர் ஃப்ளாட் பையன் பால் பைத்தான் வளர்க்கிறான். (தங்கமணி ஒரு மாசம் அலறினது தனிக்கதை.) இணை சேர்ந்த நாள்ல இருந்து எண்ணினான். முட்டை வரலைன்னு ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டான். திரும்பி வந்தா ஆறு முட்டையும் காய்ஞ்சு சுருங்கிக் கிடந்துச்சு.

தப்பு அவன் எண்ணினதுல இல்லீங்க, எண்ண ஆரம்பிச்ச தேதியில. பெண் பாம்பு விந்தை மாசக்கணக்குல சேமிச்சு வைக்கும். முட்டைக்கு முன்னாடி கடைசியா சட்டை உரிக்கும் பாருங்க, அதுல இருந்து சுமார் 30 நாள்ல முட்டை. அப்புறம் 31-32 டிகிரி சூட்டுல 55-60 நாள்ல குட்டி. எஃப்.டி.க்கு முதிர்வுத் தேதி எழுதுறோம், உயிருக்கு எழுத வேண்டாமா? குட்டி பொறந்தா பரிவேஷ் தளத்துல பதியணும்னு 2024 விதியே சொல்லுது.

எங்க பேங்க் டைரி ஒண்ணு கொடுத்திருக்கேன். நேத்து பாம்பு சட்டை உரிச்சுதாம். முதல் பக்கத்துல எழுதிட்டான்.