மக்கு என்று கல்லாவில் உட்கார வைக்காதீர்!

வியாபாரப் பெருமக்களே!

"இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று எட்டாம் வகுப்பிலேயே மகனைக் கடைக்கு இழுத்து வருகிறீர்களே, எந்தப் பரிசோதனை செய்தீர்கள்? வாய்க்கணக்கில் புலியாக இருப்பவன் எழுத்துக் கூட்டத் திணறினால் அது சோம்பேறித்தனமல்ல. கற்றல் குறைபாடாக இருக்கலாம். பிரம்படியும் தாயத்தும் அதற்கு மருந்தல்ல! கண், காது சோதித்து உளவியல் நிபுணரிடம் காட்டுங்கள்.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இக்குறைபாட்டுக்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைச் சேர்த்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடம் கணக்கெடு, தேர்வில் கூடுதல் நேரம் கொடு என்று அரசுக்குக் கட்டளையிட்டது. உங்கள் தெருப் பள்ளிக்குக் கணக்கெடுக்க யார் வந்தார்? இளைஞர்களே, மனுவோடு சென்று கேளுங்கள்!

ஓதச் சொல்லித் தொடங்கிய வேதத்தைப் பெற்ற சமுதாயம் நாம். கந்தூரிப் பந்தலுக்குக் கொட்டும் பணத்தில் ஜமாஅத்துகள் ஒரு பரிசோதனை முகாம் நடத்தக் கூடாதா?