முதல் சுற்றின் 800 கிரெடிட்: ஐவரின் பணமா, ஒரு குழுவின் பணமா?

மாலை ஏழு மணிக்குமேல் செமினியில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து, "டேய், வாங்காதடா, சேவ் பண்ணு!" என்ற குரல் கேட்கும். படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் முதல் புரோகா சாலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் வரை பலர் வேலரண்டோ கவுண்டர் ஸ்டிரைக்கோ ஆடுகிறார்கள். பெற்றோருக்கு அது வெறும் துப்பாக்கிச் சத்தம். ஆடுபவர்களில் பலருக்கும் அது குறி பார்க்கும் திறமை மட்டும்தான். இந்த ஆட்டங்களில் பாதி வெற்றி துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே, கடைத் திரையில் முடிவாகிவிடுகிறது என்பதே என் வாதம். அங்கே நம் மாணவர்கள் செய்யும் தவறைத்தான் பலர் பிறகு வாழ்க்கையிலும் செய்கிறார்கள்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலரண்டில் ஐவர் கொண்ட இரண்டு அணிகள். ஓர் அணி ஸ்பைக் எனும் வெடிகுண்டை நடவேண்டும், மற்றது தடுக்கவேண்டும். 13 சுற்றுகளை முதலில் வெல்லும் அணிக்கு வெற்றி. 12 சுற்றுகள் முடிந்ததும் பக்கம் மாறும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் தன் கையிலுள்ள கிரெடிட்டைக் கொண்டு ஒவ்வொருவரும் ஆயுதம் வாங்குவர். முதல் சுற்றிலும், பக்கம் மாறிய பின் வரும் 13ஆவது சுற்றிலும் எல்லார் கையிலும் சரியாக 800 கிரெடிட்தான் இருக்கும். அதில் பெரிய துப்பாக்கி எதுவும் வாங்க முடியாது. கைத்துப்பாக்கிதான் கதி. அதனால்தான் இதைப் பிஸ்டல் சுற்று என்கிறார்கள்.

800 கிரெடிட்டுக்கு என்ன கிடைக்கும்? கோஸ்ட் துப்பாக்கி 500. மீதி 300இல் புகை, கண்கூசும் வெளிச்சம் போன்ற திறன்கள் வாங்கலாம். இலகு கவசம் 400; மீதி 400 திறன்களுக்கு. ஷெரிஃப் 800, வாங்கினால் கை காலி. விலைகள் அவ்வப்போது மாறலாம், ஆனால் கணக்கின் தன்மை மாறுவதில்லை. கோஸ்டால் தலையில் சுட்டால் கவசமில்லாதவர் ஒரே குண்டில் விழுவார். இலகு கவசம் போட்டவர் தப்பிக்க வாய்ப்புண்டு. ஆக, எதை வாங்கினாலும் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும். எல்லாம் வேண்டும் என்பவனுக்கு இந்தச் சுற்றில் இடமில்லை.

இங்கேதான் முதல் சிக்கல். ஐவரும் தனித்தனியாக யோசித்தால் ஐவரும் கவசம் வாங்குவார்கள். புகை போட ஆள் இருக்கமாட்டார். அல்லது மூவர் ஷெரிஃப் வாங்கிக்கொண்டு தொலைவிலிருந்து வேட்டையாடக் கனவு காண்பார்கள்; வாசலில் நுழைய யாரும் இருக்கமாட்டார்கள். ஐந்து 800களை ஒரு 4,000ஆகப் பார்க்கும் குழு வேறு மாதிரி வாங்கும். முன்னால் நுழைபவருக்குக் கவசம். அவர் பின்னால் வருபவருக்குக் கோஸ்ட். புகை போடுபவர் தன் பணம் முழுவதையும் புகைக்கே செலவிடுவார், தன் கையில் இலவசத் துப்பாக்கி மட்டும் இருந்தாலும் கவலைப்படமாட்டார்.

வாங்கிய பிறகு ஆட்டமுறை. தாக்கும் பக்கத்துக்கு மிக எளிய விதி, சேர்ந்து போவதுதான். முன்னால் போனவர் விழுந்தால், அவரைச் சுட்டவர் அடுத்த நொடியே விழவேண்டும். இதற்குப் பின்னால் இருப்பவர் இரண்டடி தூரத்தில் இருக்கவேண்டும், இருபதடி தூரத்தில் அல்ல. ஸ்பைக்கை நட 4 விநாடி, அது வெடிக்க 45 விநாடி, எதிரணி அதைச் செயலிழக்கச் செய்ய 7 விநாடி. நட்டுவிட்டால் நேரம் உங்கள் பக்கம். எதிரிதான் உங்களைத் தேடி வரவேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் பலர் நட்ட கையோடு எதிரியைத் தேடி ஓடி, வென்றிருக்க வேண்டிய சுற்றைத் தோற்கிறார்கள். தடுக்கும் பக்கத்துக்கோ உயிரோடிருப்பதே முதல் கடமை. தனியாக நின்று மூவரைச் சுட்டு வீழ்த்த நினைப்பதைவிட, "மூன்று பேர் இங்கே வருகிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கி, நால்வராகத் திரும்பி வருவது மேல்.

இரண்டாவது சுற்றில்தான் கணக்கு கடுமையாகிறது. வென்ற அணியில் ஆளுக்கு 3,000 கிரெடிட் வரும். தோற்றவருக்கு 1,900. இரண்டாவதும் தோற்றால் 2,400; மூன்றாவதும் தோற்றால் 2,900. ஓர் எதிரியை வீழ்த்தினால் 200. முழுத் தயார்நிலை என்றால் வேண்டல் துப்பாக்கி 2,900, கனமான கவசம் 1,000; மொத்தம் 3,900, திறன்கள் தனி.

இப்போது கூட்டிப் பாருங்கள். முதல் சுற்றைத் தோற்று, இரண்டாவதில் எதுவும் வாங்காமல் விட்டால் மூன்றாவது சுற்றில் கையில் 1,900, 2,400 சேர்த்து 4,300 இருக்கும். வேண்டலும் கவசமும் வாங்கி 400 மிச்சம். சமமான போட்டி. மாறாக, தோற்ற எரிச்சலில் இரண்டாவது சுற்றில் 1,600 கொடுத்து ஸ்பெக்டர் வாங்கினால் மீதி 300; இலகு கவசத்துக்குக்கூடப் போதாது. அதிலும் தோற்றால் மூன்றாவது சுற்றில் 2,700தான் இருக்கும். வேண்டல் மட்டும்கூட வாங்க முடியாது. முதல் சுற்றில் தோற்றது ஒரு சுற்றைத்தான். அவசரம் சேர்ந்ததும் மூன்று சுற்றுகள் போய்விடுகின்றன.

இதைவிட மோசமானது ஒன்றுண்டு. மூவர் வாங்கி இருவர் சேமிப்பது. வாங்கிய மூவர் அரைகுறை ஆயுதத்தோடு தோற்பார்கள். சேமித்த இருவரும் அடுத்த சுற்றில் நல்ல துப்பாக்கியோடு மூன்று ஏழைத் தோழர்களுக்கு நடுவே நிற்பார்கள். வாங்குவது தவறான முடிவாக இருக்கலாம், சேமிப்பதும் தவறாக இருக்கலாம். ஆனால் ஐவரும் சேர்ந்து எடுத்த தவறான முடிவைக்கூடச் சமாளிக்கலாம். பிரிந்து எடுத்த முடிவைச் சமாளிக்க முடியாது.

சேமிப்பதே எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. முதல் சுற்றில் தோற்றாலும் எதிரிகள் பலரை வீழ்த்தியிருந்தால் கையில் கூடுதல் பணம் இருக்கும். அப்போது துணிந்து வாங்குவதில் நியாயம் உண்டு. 12ஆவது சுற்றில் சேமிப்பதோ முட்டாள்தனம், ஏனெனில் பக்கம் மாறியதும் எல்லார் பணமும் மீண்டும் 800 ஆகிவிடும். கவுண்டர் ஸ்டிரைக்கிலும் இதே தர்க்கம்தான். அங்கும் தொடக்கம் 800 டாலர். கவசம் மட்டுமே 650. ஏகே-47 விலை 2,700. எந்த விதியையும் மனப்பாடம் செய்து பயனில்லை. அடுத்த இரண்டு சுற்றுகளில் கையில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டுவிட்டுச் செலவழிப்பதே திறமை.

துணிச்சலுக்கு இடமே இல்லையா என்று கேட்பவர்களுக்குப் பேப்பர் ரெக்ஸ் அணியைக் காட்டுவேன். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட அந்த அணியில் 'டவாய்' என்ற பெயரில் ஆடுகிறார் நம் மலேசியரான காலிஷ் ருஸ்யாய்டி. அடித்து நொறுக்கும் ஆட்டத்துக்குப் பெயர்பெற்ற அணி அது. 2022இல் கோப்பன்ஹேகனிலும் 2023இல் லாஸ் ஏஞ்சல்ஸ் உலக வெற்றியாளர் போட்டியிலும் இறுதியாட்டம் வரை வந்து தோற்றது. 2025 ஜூனில் டொரொண்டோ மாஸ்டர்ஸ் இறுதியில் ஃபினாட்டிக் அணியை 3-1 என வென்று கிண்ணத்தைத் தூக்கியது. அவர்களுடைய ஆட்டத்தைப் பார்த்து நம் பிள்ளைகள் கற்பது 'ஓடிப்போய்ச் சுடு' என்பதை மட்டும்தான். கூர்ந்து பார்த்தால் அங்கே ஓடுவது ஒருவர் அல்ல, ஐவர் என்பது தெரியும். ஐவர் ஒன்றாகத் துணிந்தால் அது திட்டம். ஒருவர் மட்டும் துணிந்தால் அடுத்த நால்வருக்கு அது செலவு.

கூட்டுப் பணம் என்ற கருத்து நமக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழக்கும் நிலை வந்தபோது, துன் வீ.தி.சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கியதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தனித்தனியாக ஒரு ஏக்கரும் வாங்க முடியாத பால்மரத் தொழிலாளர்களின் சிறு தொகைகள் சேர்ந்து, தோட்டங்களையே வாங்கின. செமினியைச் சுற்றி இன்று வீடமைப்புப் பகுதிகளாக நிற்கும் நிலங்களில் பலவும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களே. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு, 'ஐந்து 800 என்பது ஒரு 4,000' என்று புரியவைப்பது கடினமாக இருக்கக்கூடாது.

சரி, இதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அவர்களுடைய குறைகள் பொய்யல்ல. எஸ்.பி.எம். ஆண்டில் நள்ளிரவு இரண்டு மணிவரை ஆடுவதற்கு எந்தப் பொருளாதாரப் பாடமும் சமாதானமாகாது. ஒலிவாங்கியில் பெண் குரல் கேட்டதும் கேலி செய்வதும், இனத்தைச் சொல்லித் திட்டுவதும் நம் பிள்ளைகளிடமும் உண்டு. இன்னொரு முரணும் இருக்கிறது. திரைக்குள் 1,900 கிரெடிட்டைப் பொத்திப் பொத்திச் சேமிப்பவர்களில் சிலர், திரைக்கு வெளியே நூறு வெள்ளிக்கும் மேல் கொடுத்துத் துப்பாக்கிக்கு வண்ணத் தோல் வாங்குகிறார்கள். அந்த ஸ்கின் ஒரு குண்டைக்கூட வலிமையாக்காது. வேலரண்டில் அதைத் திரும்ப விற்கவும் முடியாது. ஆட்டத்தின் மொழியில் சொன்னால், அது எந்தச் சுற்றையும் வெல்லாத கொள்முதல்.

உண்மையான பிஸ்டல் சுற்று படிவம் ஆறு, மெட்ரிகுலேஷன், டிப்ளோமா முடித்துப் பல்கலைக்கழகத்தில் கால்வைக்கும் முதல் பருவத்தில்தான் வருகிறது. பி.டி.பி.டி.என். கடனின் முதல் தவணை வங்கிக் கணக்கில் விழுகிறது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் மொத்தமாகப் பணம். அந்த வாரமே புதிய கைப்பேசி, தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள், 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று அழைக்கும் செயலியில் ஒரு காலணி. பருவத்தின் பாதியில் மேகியும் மாமாக் கடைத் தேத்தண்ணீரும்தான் சாப்பாடு. இதுவும் ஸ்பெக்டர் வாங்கிக் கவசம் வாங்க முடியாமல் நிற்கும் அதே கதைதான்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டை மறக்கவேண்டாம். ஆட்டம் தோற்றவனுக்கும் பணம் தருகிறது. தொடர்ந்து தோற்றால் கூடுதலாகத் தருகிறது. போட்டி விறுவிறுப்பாக இருக்கவேண்டும் என்பதற்காக வடிவமைப்பாளர்கள் செய்த ஏற்பாடு அது. வாழ்க்கையில் கடனைக் கட்டத் தவறினால் யாரும் ஊக்கத்தொகை தருவதில்லை, தாமதக் கட்டணம்தான் வரும். 13ஆவது சுற்றில் எல்லாம் அழிந்து மீண்டும் 800இலிருந்து தொடங்கும் வசதியும் வெளியே கிடையாது. பி.டி.பி.டி.என். கடனில் ஒரே ஒரு பெரிய சலுகை உண்டு. இளங்கலைப் பட்டத்தில் முதல் வகுப்புத் தேர்ச்சி பெற்றால் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கோரலாம். அதற்கும் முதல் பருவத்திலிருந்தே திட்டம் வேண்டும். ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு, பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. இலவச ஆலோசனை தருகிறது. அங்கே போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். 2019 வரவுசெலவுத் திட்டத்திலேயே அரசாங்கம் மின்விளையாட்டுக்கு ஒரு கோடி வெள்ளி ஒதுக்கியது. நாடே விளையாட்டாக ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பள்ளியில் இன்னும் ஒழுங்குக் குற்றமாக மட்டுமே பார்ப்பது போதாது. கணிதப் பாடத்தில் ஒருநாள் மேலே உள்ள 1,900, 2,400 கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். பின்வரிசையில் தூங்குபவன்கூட எழுந்து பதில் சொல்வான். அதே பலகையில் பக்கத்தில் ஒரு மாணவனின் பருவ வரவுசெலவையும் எழுதுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன். இன்றிரவு ஆடும்போது, முதல் சுற்றில் தடுப்பு விலகுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் குழுவில் உரக்கக் கேளுங்கள். யார் முன்னே போவது? யார் புகை போடுவது? தோற்றால் அடுத்த சுற்றில் வாங்குகிறோமா, சேமிக்கிறோமா? மூன்றுக்கும் ஐவரிடமிருந்தும் ஒரே பதில் வந்தால், நீங்கள் எதிரணியைவிட ஒரு படி முன்னே நிற்கிறீர்கள். பிறகு, அடுத்த மாதச் செலவுப் பணம் கைக்கு வந்ததும், எதையும் வாங்குமுன் இதே கேள்வியை உங்களிடமே கேளுங்கள்: இதை இப்போது வாங்கினால், இரண்டு சுற்று கழித்து என் கையில் எவ்வளவு இருக்கும்?