அலுமாரிக்குள் அடைபட்ட பாட்டு

இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட பிரித்தானிய நடன இசைக்குழுக்களின் இசைத்தட்டுகளைச் சேர்ப்போரில் ஒரு சாரார் பாட்டைச் சேர்க்கவில்லை, அருமையையே சேர்க்கிறார்கள். பிரதி கொடுத்தால் தட்டின் மதிப்புப் போய்விடுமாம்!

எது மதிப்பு? 1931க்கும் 1935க்கும் இடையில் வூல்வேர்த் கடைகளில் ஆறு பென்சுக்கு விற்ற எட்டங்குல 'எக்லிப்ஸ்' தட்டும் இன்று பூட்டுக்குள் கிடக்கிறது. பிக்கடிலியின் மொன்சென்யூர் உணவகத்துக்குள் நுழைய வசதியற்றவர்களுக்கும் எட்டியது இப்படியான மலிவுத் தட்டுத்தான்.

'தூய ஆங்கிலப் பொற்காலம்' என்ற உருகல் வேறு. அல் பௌலி மொசாம்பிக்கில் கிரேக்கத் தந்தைக்கும் லெபனானியத் தாய்க்கும் பிறந்தவர். கென் ஜோன்சன் பிரித்தானிய கயானாக்காரர். 1941 மார்ச் 8இல் கஃபே டி பாரியில் விழுந்த குண்டு ஜோன்சனைக் கொன்றது. ஏப்ரல் 17இல் இன்னொன்று பௌலியை. தட்டின் அரக்குக்கூடப் பெரும்பாலும் இந்தியக் காட்டுப் பூச்சி சுரந்ததுதான்.

உணவகக் குசினியில் நிற்பவன் சொல்கிறேன்: அந்த இசை சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே இரவிரவாக நடந்த கூலிவேலை. அந்த உழைப்பில் எஞ்சியது தட்டில் இருப்பது மட்டும்தான்.

போட்டால் தேய்ந்துவிடும் என்பார்கள். பழைய உருக்கு ஊசிக்கு அது உண்மை. பாரங்குறைந்த கருவியில், பொருத்தமான ஊசியால் ஒருமுறை ஓடவிட்டுப் பதிவுசெய்தால் போதும். போடாமல் வைத்த தட்டும் கைதவறினால் உடையும். அது ஒற்றைப் பிரதியானால், அந்த மூன்று நிமிடமும் அத்தோடு சரி.

நாடுவிட்டு வந்த நமக்கு ஒற்றைப் பிரதி என்பது பெருமையல்ல, பயம். பூட்டைத் திறவுங்கள் ஐயாமாரே, நாலு பேர் கேட்கட்டும்.