பனிநாட்டில் விளக்கணையாமற் காப்போர்

விடுமுறையில் யான் என் ஊராகிய இருங்காட்டுக்கோட்டைக்குச் செல்லுங்கால், பெங்களூர்ப் பெருவழியிற் கண்டெய்னர் எனப்படும் இரும்புப் பெட்டிகளை ஏற்றிய வண்டிகள் ஓயாது ஓடக் காண்பேன். அத்தகைய 134 பெட்டிகளை அடுக்கி, அண்டார்க்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளில் நம் நாட்டார் 2012-ஆம் ஆண்டு பாரதி நிலையத்தை அமைத்தனர். அதற்கு மூத்தது 1989-இல் எழுந்த மைத்ரி. அதற்கும் முற்பட்ட தட்சிண கங்கோத்ரியில் 1984-இல் பன்னிருவர் முதன்முதற் குளிர்காலத்தைக் கழித்தனர். அந்நிலையமோ பின்னர்ப் பனியிற் புதையுண்டு கைவிடப்பட்டது.

குளிர்காலத்தில் அங்குக் கடல் உறையும், கப்பல் அணுகாது, ஏறத்தாழ இரண்டு திங்கள் ஞாயிறு தோன்றாது. இஸ்ரோவின் மங்களா மணி அம்மையார், 56 வயதினர், 2016-17-இல் பாரதியில் 403 நாட்கள் தங்கினார். இருபத்துமூவர் குழுவில் அவரொருவரே பெண். நாளிதழ்கள் அவரைப் போற்றின, போற்றத்தக்கதே. ஆயின் அக்குழுவுக்குச் சமைத்தவர் யார், எஞ்சினைக் காத்தவர் யார் என வினவின் விடை கூறுவார் அரியர்.

இது சிறு குறையன்று. மைத்ரியினர் பருகும் நீர் பிரியதர்சினி ஏரியினது. மேற்பரப்பு உறைந்த காலத்தும் அடியிலுள்ள நீரை இறைத்துக் குழாய்வழிக் கொணர்வர். மின்னாக்கும் எஞ்சின் நின்றால் நீர் குழாயிலேயே உறையும். அறையின் வெம்மையும் நீங்கும். பின்னர் ஆராய்ச்சி ஏது?

என் தமையனார் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் தொழில் பயின்றவர். எம்மூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் இரவுமுறை பார்க்கின்றார். சென்ற கிறிஸ்துமஸ் நாளில் விருந்துக்கு வந்த மாமா, என் தமிழ் ஆனர்ஸ் படிப்பை மெச்சிவிட்டு, அவரை நோக்கி, “நீ இன்னும் ஸ்பானர்தானா?” என்றார். அண்ணன் நகைத்து, உணவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குச் சென்றார். யானும் வாளாவிருந்தேன். அம்மௌனம் இன்றும் உறுத்துகின்றது.

மறுநாட் காலை அவருக்கு மைத்ரியைப்பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், “அந்தக் குளிரில் சாதா டீசல் மெழுகாய்த் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடுமே, தம்பி! என்ன எண்ணெய் ஊற்றுகிறார்கள்?” என்றார். யான் படித்த கட்டுரைகளுள் ஒன்றேனும் அவ்வினாவை எழுப்பவில்லை.

நம் கல்லூரி அறிவியற் கழகத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அண்டார்க்டிகாவிற் குளிர்காலங் கழித்தாரை உரையாற்ற அழைப்பின், விஞ்ஞானியோடு அந்நிலையத்து மெக்கானிக் ஒருவரையும் அழையுங்கள். மேடையில் இருவர்க்கும் ஒத்த இருக்கை இடுக. முன்வரிசையில் ஓரிடம் என் தமையனாருக்கு வேண்டும். அவரிடம் வினா உளது.